பணிச்சோர்வும் மருந்துத் தவறும்: ஆய்வேட்டை எப்படி வடிவமைப்பது?

கேள்வி:
மயக்கவியல் முதுநிலை மாணவி நான். மயக்க மருத்துவரின் பணிச்சோர்வு நோயாளியின் பாதுகாப்பைப் பாதிக்கிறதா என்பது ஆய்வேட்டுத் தலைப்பு. பணிச்சோர்வை அளக்கும் மாஸ்லாக் பட்டியலின் 22 கேள்விகளையும், "கடந்த மூன்று மாதத்தில் மருந்துத் தவறு நடந்ததா?" என்பதையும் ஒரே கூகுள் படிவத்தில் கேட்கலாம் என்றிருக்கிறேன். போதுமா?

பதில் 1:
போதாதும்மா. இரண்டுக்கும் ஒரே ஆள் ஒரே மூச்சில் பதில் சொன்னால் தொடர்பு வரத்தான் செய்யும். மனம் நொந்தவருக்குத் தன் தவறுதான் முதலில் நினைவுக்கு வரும்; தவறு நடந்ததால் நொந்துபோனவரும் இருப்பார்.

2008இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வைப் படித்துவிடுங்கள். குழந்தைகளுக்கான மூன்று மருத்துவமனைகளில் 123 பயிற்சி மருத்துவர்கள். தவறுகளை அவர்கள் வாய்ச்சொல்லை நம்பாமல் தனியாக எண்ணினார்கள். மனச்சோர்வு நோய் இருந்தவர்களிடம் தவறு ஆறு மடங்கு. பணிச்சோர்வு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தவறு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பிஹெச்கியூ-9ஐக் கட்டாயம் சேருங்கள்.

பதில் 2:
தவறுகளை எண்ணுவதற்கு அறுவை சிகிச்சைத் தியேட்டரில் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார வேண்டும். 2016இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் அப்படித்தான் 277 அறுவை சிகிச்சைகளில் 3,671 முறை மருந்து கொடுத்ததைப் பார்த்தார்கள். ஏறக்குறைய இருபதில் ஒன்றில் தவறோ பாதிப்போ இருந்தது.

என்ன பார்ப்பது என்பதை முன்பே எழுதிவையுங்கள். லேபிள் ஒட்டாத சிரிஞ்ச், மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதாத லேபிள், நிறமில்லாத இரண்டு மருந்து ஒரே அளவு சிரிஞ்சில் பக்கத்துப் பக்கத்தில். முக்கியமாக, தசைத் தளர்வு மருந்து கொடுத்த கானுலாவை (ரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய்) திரவம் செலுத்தி ஃப்ளஷ் செய்தார்களா? விட்டுவிட்டால் உள்ளே தங்கிய மருந்து, ரெக்கவரியில் அடுத்த ஊசி போடும்போது ரத்தத்தில் கலந்து மூச்சை நிறுத்திவிடும். கேஸ் ஷீட்டை மட்டும் புரட்டினால் இதெல்லாம் கண்ணில் படாது. ஆள் பார்க்கிறார் என்றதும் எல்லாரும் கவனமாகிவிடுவார்கள், ஆகவே முதல் சில கேஸ்களைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தூக்கக்குறைவையும் அளவிடுங்கள். திரையில் குறி தெரிந்ததும் பொத்தானை அழுத்தும் 10 நிமிட விழிப்புநிலைச் சோதனை, பணி தொடக்கத்திலும் முடிவிலும். அழுத்த 500 மில்லிசெகண்டுக்கு மேல் ஆனால் ஒரு கவனத் தவறல். தூங்கி எழுந்தவுடனே வைத்தால் தூக்கக்கலக்கம்தான் அளவில் வரும், அரை மணி நேரம் விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாஸ்லாக்கில் மூன்று மதிப்பெண்ணையும் கூட்டி ஒன்றாகக் காட்டலாமா?

பதில் 3:
கூடாது. உணர்வுச் சோர்வு, நோயாளியிடம் பற்றின்மை, சாதனை உணர்வு மூன்றும் தனித்தனி அளவு; சாதனை உணர்வு மட்டும் எதிர்த்திசையில் ஓடும். மாஸ்லாக்கிற்கு உரிமக் கட்டணமும் உண்டு; பணிச்சோர்வையே அளக்கும் கோபன்ஹேகன் பட்டியல் இலவசம், 19 கேள்விதான்.

இன்னொன்று. பிஹெச்கியூவின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. பெயரே இல்லாத படிவத்தில் ஒருவர் "ஆம்" என்றால் அவரைத் தேடிப்போக வழியில்லை. மயக்க மருந்து புரோபோஃபாலும் வலிநீக்கி ஃபென்டனிலும் எப்போதும் கைக்கெட்டும் துறை நம்முடையது. பெயருக்குப் பதில் குறியெண் கொடுங்கள், எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் துறைக்கு வெளியே ஒரு மனநல மருத்துவர் வைத்திருக்கட்டும், துறைத்தலைவர் கையில் போகவே கூடாது. அன்றன்றே பதில்களைப் பார்த்து அவரே கூப்பிட்டுப் பேசுவார் என்று நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.