எங்கள் ஊரின் தொடக்கத்தைத் தேட உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மேலூருக்குப் பக்கத்தில் நாற்பது தலைக்கட்டு உள்ள சிற்றூர் எங்களுடையது. விவசாயம்தான் பிழைப்பு. இங்கே முதலில் வந்து குடியேறியது யார், எப்போது என்று எழுதிவைக்க ஆரம்பித்திருக்கிறேன். விவரம் சொல்லக்கூடிய பெரியவர்கள் மூன்று பேர்தான் மிச்சம். அதனால்தான் இந்த அவசரம்.

அப்பத்தா சொல்லும் கணக்குப்படி, முன்பு இது வரகும் குதிரைவாலியும் விளைந்த மானாவாரிக் காடு. பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகுதான் நெல் வயலாச்சு. பெரியாறு அணை திறந்தது 1895இல். ஆனால் எங்கள் கம்மாயும் மடையும் அதற்கு ரொம்ப முந்தியவை என்கிறார்கள். மடைத் தூண் ஒன்றில் எழுத்தும் இருக்கிறது. போன வாரம் ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு, சாயங்கால வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போட்டோ எடுத்தேன். நான்கு வரி. முதல் வரியில் 'ஸ்ரீ' மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொரு தடயம், குலசாமி கோயில் பிடிமண், அதாவது பழைய ஊர்க் கோயிலிலிருந்து புதுக் கோயிலுக்காக எடுத்துவரும் ஒரு பிடி மண். சிவகங்கைப் பக்கமிருந்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தது என்கிறார் பூசாரித் தாத்தா. எந்த ஊர் என்பது அவருக்கு நினைவில்லை. விடை அந்த மண்ணில்தான் இருக்கிறது என்று என் மனசு சொல்கிறது.

கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள், மைப்படி (கல்வெட்டு எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது) எடுக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வெள்ளைக்காரன் காலத்து நிலப் பதிவேடு தேடியவர்கள் இருந்தால், எப்படி விண்ணப்பிப்பது? அப்புறம், சிவகங்கைப் பக்கத்து உறவுகளே, உங்கள் குலசாமி கோயிலில் மேலூர்ப் பக்கம் பிடிமண் கொடுத்ததாகப் பேச்சு உண்டா? நேரில் பார்க்க வருகிறவர்களை மேலூரிலிருந்து நானே வண்டியில் கூட்டிவருகிறேன். சாப்பாடு எங்கள் வீட்டில்.