கான்கிரீட்டில் கட்டினால் அது கூடாரமா?

கல்தச்சன்:
முகநூலில் ஒருவர் எழுதியதைப் படித்து மனசு ஆறவில்லை. பெத்லகேமை ஒட்டிய தெய்ஷே அகதி முகாமில் 2015இல் கான்கிரீட்டாலேயே ஒரு கூடாரம் கட்டினார்கள். சாண்டி ஹிலால், அலெசாந்த்ரோ பெட்டி என்ற கட்டடக் கலைஞர்களின் வேலை. முகாம் மக்கள் கூடிப் பேசவும் படிக்கவும் ஓர் இடம். அதைக் காட்டி, "பாலஸ்தீனர்கள் ஊர் திரும்பும் ஆசையை விட்டுவிட்டார்கள்" என்கிறார் அந்த ஆள்!

மேட்டுத்தெரு:
அவர் சொன்னதில் என்ன தப்பு? கூடாரம்னா கிளம்பும்போது மடிச்சு எடுத்துக்கணும். கான்கிரீட்டை மடிப்பீங்களா?

கல்தச்சன்:
1948இல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட 45 கிராமத்து ஜனங்கள் 1949இல் தெய்ஷேவுக்கு வந்தபோது துணிக்கூடாரம்தான். ஐம்பதுகளில் ஐ.நா. நிவாரண அமைப்பு ஒற்றை அறைகள் கட்டிக் கொடுத்தது. குடும்பம் பெருகியது, பக்கத்தில் நிலம் இல்லை, மாடிமேல் மாடி எழுந்தது. அந்த வீடுகளுக்குள்தான் பழைய ஊர் வீட்டுச் சாவியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பக்கத்து அய்தா முகாம் வாசலில் 2008இல் பிரம்மாண்டமான சாவி ஒன்றையே ஏற்றினார்கள். சுவர் கெட்டியானால் ஊர் மறந்துவிடுமா?

மேட்டுத்தெரு:
சாவியை யார் கேட்டா? மடிக்க முடியுமா, முடியாதா?

கல்தச்சன்:
துணி இத்துப்போகும் ஐயா! எழுபது வருஷத்துக்கும் மேலாக இவர்களைத் தற்காலிகமாகவே வைத்திருக்கிறார்கள் என்பது கண்ணில் படவேண்டும். அதற்குத்தான் கான்கிரீட்.

வைகறை:
கட்டடத்தை விடுங்க. முகாமோட அடையாளம் ஹந்தாலாதான். முகாமில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் நாஜி அல் அலி வரைந்த, முதுகு காட்டி நிற்கும் பையன்.

கல்தச்சன்:
முகாமில் பிறக்கவில்லை! கலிலேயாவின் அல்ஷஜரா கிராமம். 1948இல் துரத்தப்பட்டுத்தான் லெபனானின் ஐன் அல்ஹில்வே முகாமுக்குப் போனார். அப்போது அவருக்குப் பத்து வயசு இருக்கும். அதனால்தான் ஹந்தாலாவுக்கும் பத்து. ஊர் திரும்பினால்தான் வளருவான். பிறந்த ஊரை விட்டுவிட்டால் அந்தப் படத்துக்கே உயிர் இல்லை.

வைகறை:
போன மாசம் பாலஸ்தீனப் பெண்களோட தத்ரீஸ் பூத்தையல் பத்தி எழுதினப்பவும் இப்படித்தான் பாய்ஞ்சீங்க. தையலைப் பார்த்தே எந்த ஊர்ப் பெண்ணுன்னு சொல்லிடலாம்னு எழுதினேன். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னீங்க. நான் மறக்கலை.

கல்தச்சன்:
தப்பாக எழுதினால் திருத்தத்தான் செய்வேன். ஜெனின் முகாமைப் பாருங்கள். 2002இல் இஸ்ரேல் ராணுவம் இடித்துத் தள்ளிய பகுதியைத் திரும்பக் கட்டும்போது தெருக்களை அகலமாக்கினார்கள். "டாங்கி நுழையவா வழி விடுறீங்க?" என்று முகாம்வாசிகளே சண்டை போட்டார்கள். தெரு அகலத்தையே அப்படி யோசிக்கிற மக்கள், என்ன கட்டுகிறோம் என்று தெரியாமலா ஒரு கூடாரத்தைக் கட்ட விடுவார்கள்?

மேட்டுத்தெரு:
ஜெனினுக்கு ஏன் ஓடுறீங்க? தெய்ஷேவுக்கு வாங்க. மடிக்க முடியாதது கூடாரம் இல்லை. நான் அதிலேயே நிற்கிறேன்.

கல்தச்சன்:
நாளைக்குப் படம் போடுகிறேன். கூரைச் சரிவைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வைகறை:
தத்ரீஸுக்கு இன்னும் பதில் வரலை.