ஆர்கானுக்கு அடுத்தது ஏன் பொட்டாசியம்?

மஞ்சக்குப்பம் வீட்டுக் குழு, ஞாயிறு மாலை

கயல்விழி, 6:42
பெரியப்பா, தனிம வரிசை அட்டவணையில் தனிமங்களை நிறை கூடக்கூட வரிசையாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் ஆர்கானின் அணு நிறை 39.95 என்றும், அதற்கு அடுத்து வரும் பொட்டாசியத்தின் நிறை 39.10 என்றும் அட்டவணையில் இருக்கிறது. இது அச்சுப்பிழையா?

பெரியப்பா, 6:55
அச்சுப்பிழை இல்லை அம்மா. வரிசைக்கு அடிப்படை அணு எண், அதாவது அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. அது ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. நிறையைப் பார்த்து இரண்டையும் இடம் மாற்றினால், தண்ணீரில் போட்டதுமே தீப்பற்றும் பொட்டாசியம் நியானுக்குக் கீழேயும், எதனோடும் எளிதில் சேராத ஆர்கான் சோடியத்துக்குக் கீழேயும் போய் உட்கார்ந்துவிடும். ஒரே தொகுதியில், அதாவது மேலிருந்து கீழாக ஒரே நிரலில், இருப்பவை ஒத்த குணம் உடையவை என்ற ஏற்பாடே பிறகு குலைந்துவிடும்.

வசந்தா அத்தை, புதுச்சேரி, 7:03
அண்ணா, இந்த அட்டவணையை உருவாக்கிய ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவ் அணு நிறைப்படிதான் அடுக்கினார் என்று நாங்கள் பள்ளியில் படித்தோமே, அது தவறா?

பெரியப்பா, 7:20
தவறில்லை வசந்தா. அவர் அட்டவணையை வெளியிட்ட 1869இல் தெரிந்திருந்த தனிமங்கள் ஏறத்தாழ 63தான். புரோட்டான் என்ற சொல்லே அப்போது கிடையாது. ஆனால் அவர் நிறையை மட்டும் நம்பாமல் குணத்தையும் பார்த்தார், பொருந்தாத இடங்களைக் காலி மனைகளாக விட்டுவைத்து, அங்கே குடிவரப்போகிறவரின் அடையாளங்களையும் முன்கூட்டியே எழுதினார். அலுமினியத்துக்குக் கீழே அவர் விட்ட இடத்துக்கு 1875இல் காலியம் வந்து சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் புவாபோதிரான் அதன் அடர்த்தியை ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.7 கிராம் என்று அளந்திருந்தார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டெலீவ், அது 5.9க்கு அருகில் இருக்க வேண்டும், மீண்டும் அளந்து பாருங்கள் என்றார். தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9தான் வந்தது. ஒரு துணுக்கு: காலியம் 30 டிகிரியை எட்டுவதற்குள் உருகிவிடும். நம் கடலூர் மே மாத வெயிலில் அதை மேசைமேல் திடப்பொருளாக வைத்துக் காட்ட முடியாது.

கயல்விழி, 7:26
அப்படியானால் அணு எண் எப்போது வந்தது?

பெரியப்பா, 7:38
1913இல் மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர், தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒழுங்கான படிகளாக ஏறுவதைக் கண்டார். அந்தப் படியின் எண்தான் அணு எண். இரண்டு ஆண்டுகளில், 27 வயதில், முதல் உலகப் போரின்போது துருக்கியில் நடந்த கல்லிப்போலிப் போரில் அவர் இறந்துபோனார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கும். தொகுதிகளின் காரணம் எலக்ட்ரான்கள்: வெளிக்கூட்டில் ஒன்றே ஒன்று இருப்பதால்தான் சோடியமும் பொட்டாசியமும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. ஏழு தொடர்களில், அதாவது கிடை வரிசைகளில், 2, 8, 8, 18, 18, 32, 32 என்று தனிமங்கள் இருப்பதும் எலக்ட்ரான்கள் நிரம்பும் முறையால்தான். கூட்டினால் 118 வரும். ஆறாம், ஏழாம் தொடர்களைச் சேர்ந்த லாந்தனைடுகள், ஆக்டினைடுகள் என்ற இரு தனிமக் கூட்டங்களைக் கீழே தனியாக அச்சிடுவது தாளின் அகலம் போதாமையால்தான், வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

கயல்விழி, 7:44
ஒரு புரோட்டான் குறைவாக இருந்தும் ஆர்கான் ஏன் கனமாக இருக்கிறது?

பெரியப்பா, 7:52
அணுக்கருவில் புரோட்டான்களோடு இருக்கும் நியூட்ரான்களால். இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டினால் வருவது நிறை எண். பூமியில் உள்ள பொட்டாசியத்தில் பெரும்பகுதி நிறை எண் 39 கொண்டது. ஆர்கானிலோ 99 விழுக்காட்டுக்கு மேல் நிறை எண் 40 கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், காற்றில் உள்ள அந்த ஆர்கானில் ஏறக்குறைய முழுவதும், பாறைகளில் இருந்த, நிறை எண் 40 கொண்ட பொட்டாசியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து உண்டானது. இப்படித் தடம் மாறிய இணைகள் அட்டவணையில் வேறும் உண்டு, தேடிப் பார்.

கயல்விழி, 8:31
நான்காம் தொடரில் கோபால்ட் 58.93, நிக்கல் 58.69. ஐந்தாம் தொடரில் டெல்லூரியம் 127.60, அயோடின் 126.90.

பெரியப்பா, 8:40
சரியாகப் பிடித்துவிட்டாய். அயோடின் குளோரினைப் போலவும் புரோமினைப் போலவும் நடந்துகொள்வதால் மெண்டெலீவே அதை டெல்லூரியத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, டெல்லூரியத்தின் நிறையைத் தவறாக அளந்திருக்கிறார்கள் என்று சொன்னார். காலியத்தில் பலித்த வாக்கு இங்கே பலிக்கவில்லை; வைத்த இடம் சரி, சொன்ன காரணம்தான் பிழை.