சிம்மக்கல் பழைய வீடு: ரெட் ஆக்சைடு தரையை உடைக்கலாமா?

சிம்மக்கல்காரன்:
மதுரை சிம்மக்கல்லில் தாத்தா 1958-இல் கட்டிய மச்சு வீடு. பட்டாசாலை (கூடம்), இரண்டு அறை, அடுப்படி. தையில் தங்கைக்குக் கல்யாணம், அதற்குள் உள்பக்கத்தை மாற்ற வேண்டும். ரெட் ஆக்சைடு தரையை உடைத்து டைல்ஸ், மச்சு தெரியாதபடி ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அடுப்படிக்கு மாடுலர் கிச்சன். கையில் ஆறு லட்சம் இருக்கிறது. வேலை எடுக்கிறவர் நாளைக்கே முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொத்தனார் மகன், வில்லாபுரம்:
கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் மச்சைப் பாருங்கள். உத்தரத்தின் மேல் மரக்கட்டைகளைப் பாவி, மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய கூரை அது. மேலே ஒரு விரிசல் விழுந்தால் தண்ணீர் நேராகக் கீழே சொட்டாது. உள்ளுக்குள்ளேயே ஓடி, கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் தேங்கும். அந்த முனைதான் முதலில் இற்றுப்போகும், கரையானும் அங்கேதான் ஏறும். இன்று நிமிர்ந்து பார்த்தால் கறை தெரிகிறது. ஜிப்சம் பலகை வந்துவிட்டால் பலகை ஊறித் தொங்குகிற அன்றுதான் தெரியும்.

இன்னொன்று. உங்கள் சுவர் சுண்ணாம்புப் பூச்சாகத்தான் இருக்கும். நாயக்கர் மகால் தூண்களில் பூசியிருப்பதும் சுண்ணாம்புதான். அது ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்துக் கொட்டும். அப்பாவோடு போய் அப்படிப் பொரிந்த சுவரை எத்தனையோ வீடுகளில் கொத்தி எடுத்திருக்கிறேன்.

தரை நன்றாக இருந்தால் அதையும் உடைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் வெறுந்தரையில் படுத்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

திருநகர் அக்கா:
மச்சு விஷயம் சரி. தரை விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். படுக்கிறவர்களுக்குக் குளிர்ச்சி, துடைக்கிறவர்களுக்கு? எங்கள் வீட்டிலும் அந்தத் தரைதான் இருந்தது. விரிசலுக்குள் எறும்பு, அடுப்பு மேடைக்குக் கீழே எண்ணெய் இறங்கிக் கறுத்த திட்டு. தேங்காய் நாரை வைத்து எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அம்மா ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் டைல்ஸ் போட்டோம். முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். பளபளப்பானது வேண்டாம், சொரசொரப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுப்படிக்கு ஆள் வருகிற அன்று உங்கள் அம்மாவை மேடை முன்னால் நிறுத்தி அளவெடுக்கச் சொல்லுங்கள் தம்பி. தோள் தூக்காமல் தோசை திருப்ப முடிகிறதா என்று பார்த்தாலே உயரம் தெரிந்துவிடும்.

காரைக்குடி மருமகன்:
இரண்டுக்கும் நடுவில் ஆத்தங்குடி கல் இருக்கிறதே? கண்ணாடி மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றிக் கையால் செய்வது, பட்டாசாலைக்கு அழகு. ஆனால் அடுப்படிக்கு வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்டால் தடம் விழும்.

கொத்தனார் மகன், வில்லாபுரம்:
அக்கா, அடுப்படிக்கும் குளியலறைக்கும் நீங்கள் சொல்வதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டாசாலையில் ஏன் கை வைக்க வேண்டும்? அந்தக் காசை ஒயரிங்கில் போடலாம். 1958 வீட்டில் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் ஒயர், இருப்பதே சந்தேகம். ஏசிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பை வெட்டிவிடும் ஆர்சிசிபி சுவிட்ச், இந்த இரண்டும் கட்டாயம். மாடுலர் கிச்சனில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வரும் பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டைக் கேளுங்கள். துகள் பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும்.

அப்புறம், ஐப்பசி மழை பெய்யட்டும். மச்சில் கறை எங்கே வருகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, ஓதத்தை அடைத்த பிறகு உள்வேலையைத் தொடங்குங்கள்.

திருநகர் அக்கா:
ஐப்பசி வரை காத்திருந்தால் கார்த்திகையும் மார்கழியும்தான் மிச்சம். சம்பந்தி வீட்டார் வரும்போது வாசலில் மணல் கிடக்கும். குளியலறையும் ஒயரிங்கும் மழைக்குக் காத்திருக்க வேண்டியவை இல்லையே, அவற்றை இப்போதே தொடங்கலாம். பட்டாசாலைத் தரையும் மாற வேண்டும் என்றுதான் இன்னும் சொல்கிறேன். பந்தி நடக்கிற இடம், சாம்பார் சிந்தும்.

சிம்மக்கல்காரன்:
முன்பணம் கொடுக்கவில்லை. நேற்று ஏணி போட்டு ஒவ்வொரு கட்டையாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பதினான்கில் பன்னிரண்டு கணீரென்று ஒலித்தன. சாமி அறை மூலையில் இரண்டு மட்டும் பொத்தென்றன, ஒன்றிலிருந்து இற்றுப்போன மரம் மாவாகக் கொட்டியது. ஃபால்ஸ் சீலிங் இனி இல்லை. ஒயரிங்கும் குளியலறையும் அடுத்த வாரம் தொடங்குகிறோம்.

தரையைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "அடுப்படியில உன் இஷ்டம்டா, பட்டாசாலை தாத்தா போட்டது, அது கிடக்கட்டும்" என்றார். அக்கா, பந்தியை மொட்டை மாடிக்கு மாற்றலாம் என்றால் மச்சு தாங்குமா என்பது அடுத்த பயம். அண்ணே, அந்த இரண்டு கட்டையை மட்டும் மாற்றத் தெரிந்த ஆசாரி யாராவது இருக்கிறாரா?