அரைப்பேர் நியாயமா? தரம் 7 வகுப்புக்கு யோசனை தேவை

வணக்கம். அட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 7க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். 1970களில் அமெரிக்காவில் மெத்யூ லிப்மன் தொடங்கிய ‘சிறுவர்களுக்கான மெய்யியல்’ முறையைச் செய்து பார்க்கிறேன். ஒரு கதையை வாசித்து, பிள்ளைகளே கேள்வி எழுப்பி, காரணம் சொல்லித் தங்களுக்குள் பேச வேண்டும். ஆசிரியர் விடை சொல்லக் கூடாது.

போன கிழமை அவர்கள் எடுத்த கேள்வி: பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவது (அன்றைக்கு அரைநாள் சம்பளம் மட்டும் கொடுப்பது) நியாயமா?

“எடுத்த கொழுந்துக்குத்தானே காசு” என்றான் ஒருவன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, “அம்மா நனைஞ்சது முழுநாள்தானே, பிறகு என்ன அரை?” என்றாள். அவ்வளவுதான், வகுப்பு பற்றிக்கொண்டது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். (சத்தம் கேட்டால் படிப்பு நடக்கவில்லை என்று நம்புகிறவர்கள் நம்மிடம் அதிகம்.)

சிக்கல் என்னவென்றால், மணி அடிக்கும் நேரத்தில் எல்லோரும் “சரி, விடை என்ன சேர்?” என்று கொப்பியைத் திறக்கிறார்கள். என் கருத்தைச் சொல்லாமல் எப்படி முடிப்பது? “எல்லா விடையும் சரி” என்று விட்டுவிடவும் மனமில்லை. நல்ல காரணத்துக்கும் வெறும் வாய்வீச்சுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே. வாயே திறக்காத பிள்ளைகளை எப்படிப் பேச வைக்கிறீர்கள்?

அப்புறம், 40 நிமிடப் பாடவேளைக்குள் வாசித்துப் பேசக்கூடிய, நீதி சொல்லி முடிக்காத சிறிய தமிழ்க் கதைகள் தெரிந்தால் தலைப்பையாவது கீழே எழுதுங்கள். வாங்குகளை நகர்த்த இடமில்லாத வகுப்பில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.