ஃபாஸ்ட் சார்ஜிங் ஒரு வருஷம் இலவசமாம்: காரைக்குடிப் பக்கம் இருப்பவருக்கு இதில் என்ன மிச்சம்?

கோட்டையூர் வாசி:
40 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் கார் எடுக்கப் போகிறோம். ஃபாஸ்ட் சார்ஜிங் ஒரு வருஷம் இலவசம் என்று சொல்லி ஷோரூமில் மேல் மாடலைக் காட்டுகிறார்கள். ஓட்டம் பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை, பிள்ளையார்பட்டி. எப்போதாவது மதுரை, திருச்சி. இதை நம்பி வீட்டில் சார்ஜர் போடாமல் இருக்கலாமா?

யூனிட் கணக்கு:
வீட்டு சார்ஜரை விட்டுடாதீங்க தம்பி. அந்த இலவச ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கு. 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றினால் 28 யூனிட். வெளியே 18 சதவீத ஜிஎஸ்டியோடு யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால் 560 ரூபாய் மிச்சம் மாதிரி தெரியும். ஆனால் அதற்கென்றே 30 கி.மீ. போய், அதே 30 கி.மீ. திரும்பினால், யூனிட்டுக்கு 7 கி.மீ. வீதம் எட்டரை யூனிட் ரோட்டிலேயே கரைந்துவிடும். மீதியை வீட்டில் ஏற்ற 200 ரூபாய்தான் ஆகும். மதுரை போகிற வழியில் ஏற்றினால் மட்டுமே முழு லாபம்.

வீட்டு பில்லையும் சரியாகப் போடுங்க. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தை வீடே தின்றுவிடும். கார் யூனிட் எல்லாம் மேல் ஸ்லாபில் விழும். 500ஐத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல்.

சிசிஎஸ்:
ஷோரூம் பேச்சு வேண்டாம், ஆஃபர் தாளை வாங்கிப் படிங்க. வரம்பு மாதத்திலா, யூனிட்டிலா? ஜிஎஸ்டி யார் தலையில்? வண்டியை விற்றால் அடுத்தவருக்குப் போகுமா? டாக்ஸி போர்டுக்கு உண்டா? டெஸ்லாவே முதலில் வரம்பில்லாமல் கொடுத்துவிட்டு, 2017 தொடக்கத்தில் புது ஆர்டர்களுக்கு ஆண்டுக்கு 400 யூனிட் என்று நிறுத்தியது. இலவசம் என்கிற கரண்ட் காசு வண்டி விலைக்குள்ளேயே இருக்கிறது. மேல் மாடலுக்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்களோ அதை வெளி யூனிட் விலை 20ஆல் வகுங்க. அத்தனை யூனிட் ஒரு வருஷத்தில் வெளியே ஏற்றுவீங்களா?

80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் படுத்துவிடும், அங்கே காத்திருக்காதீங்க. சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால் சில ஸ்டேஷன்களில் நிமிஷக் கட்டணம் ஏறும், இலவசக்காரருக்கும்தான். சித்திரை வெயிலில் ஹைவேயில் விரட்டி வந்து உடனே சொருகினால் பேட்டரி சூட்டைப் பார்த்து வண்டியே கரண்டைக் குறைத்துவிடும்.

கோட்டையூர் வாசி:
நன்றி அண்ணே. அப்போ வீட்டு சார்ஜரே போடுகிறோம். மீட்டர் முகப்பில், கார் நிற்பது பின்தெருக் கொட்டகையில். இடையில் 60 மீட்டர் வரும்.

ஒயரிங்:
7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். அந்தத் தூரத்துக்கு 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்புக் கம்பியில் 12 வோல்ட் விழும், 10 ஸ்கொயரில் 7தான். 10 போடுங்க. பழைய வீட்டு லைனில் தட்டாமல் மீட்டரிலிருந்து தனி லைன், 30 மில்லிஆம்பியர் ஆர்சிபிஓ (கரண்ட் கசிந்தால் தானே லைனை வெட்டும் பிரேக்கர்). ஈபியில் லோடையும் கூட்டி எழுதிக் கொடுங்க. நம்ம செம்புறை மண் கோடையில் காய்ந்தால் எர்த் பிடிக்காது. வண்டி "எர்த் ஃபால்ட்" காட்டிச் சார்ஜை நிறுத்திவிடும். எர்த் குழியைக் கொட்டகை பக்கத்திலேயே தோண்டி, வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்க.