பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தில் வேலை: போகலாமா, வேண்டாமா?

புதுவழி: சில வருடங்களாக ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். அகதிகளுக்கு உதவும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று வேலைக்குக் கூப்பிடுகிறது. சம்பளம் இப்போதைவிடக் குறைவு, ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். போகலாமா?

கரையோரம்: வேண்டாம். அங்கே வேலை திட்டத்தோடு ஒட்டியது, திட்டம் முடிந்தால் வேலையும் போச்சு. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைச் சட்டென்று நிறுத்தி வைத்தபோது, எந்தத் தப்பும் செய்யாத எத்தனையோ பேர் சில வாரங்களுக்குள் வேலையில்லாமல் நின்றார்கள். அந்த ஜூலையில், அந்த உதவியைக் கொடுத்துவந்த அமெரிக்க அரசு அமைப்பான யுஎஸ்எய்டையே மூடிவிட்டார்கள்.

மலைக்காற்று: எல்லா அமைப்பும் அரசுப் பணத்தை நம்பி ஓடவில்லையே. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நன்கொடைதான், அதனால்தான் 2016ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அகதிகள் கொள்கையை எதிர்த்து, உங்கள் பணம் வேண்டாம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அப்புறம், நான் இந்தத் துறையில் இருப்பவன். வேறு இடத்தில் பல வருடம் காத்திருந்தால்தான் கிடைக்கும் பொறுப்பு இங்கே சீக்கிரமே கைக்கு வரும். கொள்முதல், லாரி, மருந்துக் கிடங்கு, உள்ளூர் அதிகாரிகளோடு பேச்சு என்று எல்லாவற்றிலும் இறங்கித்தான் ஆகவேண்டும்.

கரையோரம்: பொறுப்பு வரும், சரி. கூடவே வரும் காகிதத்தையும் சொல்லுங்கள். ஒவ்வொரு கொடையாளருக்கும் தனி அறிக்கை, எந்தத் திட்டத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று தனித்தனியாக எழுதவேண்டும், கூடாரத்துக்கு வந்த பணம் மிச்சமிருந்தாலும் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் போர்வை வாங்க முடியாது. இதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஒரே அறையில் ஒரே வேலை செய்யும் இரண்டு பேரில் வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு வீடு, விமானச் செலவு, பல மடங்கு சம்பளம். அந்த ஊர்க்காரருக்கு அது எதுவும் கிடையாது. ஆனால் பணியில் கொல்லப்படுபவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான்!

மலைக்காற்று: அந்தச் சம்பள வித்தியாசத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். நிதியில் 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு 2020க்குள் கொடுப்போம் என்று 2016ல் பெரிய கொடையாளர்களும் அமைப்புகளும் சேர்ந்து வாக்குக் கொடுத்தார்கள், நிறைவேற்றவில்லை. ஆனால் கணக்குத் தெரிந்த, மனசாட்சியுள்ள ஆட்கள் உள்ளே போகாமல் இதெல்லாம் எப்படி மாறும்? நீங்கள் சொன்ன அந்தக் காகிதத்தைத் திருத்தமாகச் செய்ய ஆள் இல்லாததால் அடுத்த தவணை தாமதமாகி, முகாமில் தண்ணீர் லாரி நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். நோயாளியைத் தொடுபவர் மட்டும்தான் உயிரைக் காப்பாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள்.

புதுவழி: அப்படியென்றால் சேர்வதற்கு முன்னால் என்ன கேட்கவேண்டும்?

மலைக்காற்று: உங்கள் சம்பளம் எந்தக் கொடையாளரின் பணத்திலிருந்து வருகிறது, அந்த நிதி எந்த மாதத்தோடு முடிகிறது, இந்த இரண்டையும் நேரடியாகக் கேளுங்கள். நல்ல அமைப்பு மழுப்பாது.

கரையோரம்: நிலைமை மோசமானால் உள்ளூர் ஊழியரையும் வெளியேற்றுவார்களா, காப்பீடு அவர்களுக்கும் உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால், நானாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.